நீளம்: பத்து

கிளிநொச்சி என்று அடித்து
எத்தனை எழுத்து என்று கேட்டேன்.
பத்து என்றது கணினி.

விரல் மடித்து எண்ணினேன்.
கி, ளி, நொ, ச், சி.
ஒரு கையோடு முடிந்துவிட்டது ஊர்.

இதைத்தான் பேசப்போகிறேன்,
சனி பின்னேரம், டிப்போச் சந்திக்குக் கிட்ட,
ரயர்க்கடைக்கு மேல்மாடியில்.
"வேலை இல்லாத ஆள் என்னத்தைப் பேசுறது?" என்றேன்.
"வேலையில இருக்கிற ஆக்களுக்கு நேரமில்லை,
உனக்குப் பத்து நிமிசம்" என்றான் அனோஜன்.
போஸ்டரில் என் பெயருக்குக் கீழே
மென்பொருள் பொறியியலாளர் என்று
கேளாமலே போட்டுவிட்டான்.

பகலில் கரடிப்போக்கில் போட்டோகொப்பிக் கடை.
காணிப் படிவம், அஸ்வெசும படிவம்.
ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து என்று கோடு கீறியவர்கள்
விசுவலிங்கம் பரமேஸ்வரியை
எந்த இடத்தில் மடிப்பதென்று சொல்லவில்லை.
ஆளில்லாத நேரத்தில் ஸ்லைட் செய்கிறேன்.
நாலாவதில் நிற்கும்போது
"தங்கச்சி, ஐடென்ரிக்காட், ரெண்டு பக்கமும்."
மெஷினின் வெளிச்சம் ஓரம்வரை போய்த் திரும்புகிறது.
அதற்கு எழுத்தும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது,
ஒரு பிழையும் விடுவதில்லை.

மாசியில் சூமில் ஒரு நேர்முகம்.
ஒரு சொல்லைத் தலைகீழாக்கும் நிரல் எழுதச் சொன்னார்கள்.
லேசான கேள்வி. எழுதினேன்.
பதற்றத்தில், சோதித்துக் காட்ட
என் பெயரையே கொடுத்தேன், தமிழில்.
கயலினி உள்ளே போய்
◌ினிலயக என்று வெளியே வந்தாள்.
"இங்கிலிஷில போடுங்கோ" என்றார்.
போட்டேன். சரியாக வந்தது.
அறிவிக்கிறோம் என்றார்கள்.

அன்றிரவு கரண்ட் போய்
பற்றறி பதினொரு வீதத்தில் இருக்கக் காரணம் பிடிபட்டது.
நாம் லி என்று ஒன்றாய்க் காண்பதை
அது லகரம் வேறு, விசிறி வேறு என்று
இரண்டாய்த்தான் வைத்திருக்கிறது.
திருப்பினால் விசிறி முன்னுக்கு வரும்.
லியின் விசிறி பக்கத்து னகரத்தில் ஏறிக்கொள்ளும்.
னியின் விசிறிக்குப் போக இடமில்லை.
அது வாசலில் நிற்க,
பக்கத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
இந்த இடத்தில் ஒருத்தர் இருந்திருக்கவேண்டும் என்று.

"உயிர் இருக்கிறது, மெய்யைக் காணவில்லை"
என்று ஸ்லைடில் எழுதினேன்.
கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மாடிக்கு
ஆர் ஆர் வந்து இருப்பினமோ.
அழித்தேன்.
"உயிர்க்குறி தனித்து நிற்காது" என்று போட்டேன்.
இதுவும் சரியில்லை. விட்டுவிட்டேன்.

தம்பி போனில் நேரம் பிடித்தான்.
"பதினேழு நிமிசம் அக்கா.
பேசிக்கலி எண்டு இருவத்திமூண்டு தரம் சொன்னனீ."
யூனிகோட்டின் வரலாற்றை முழுதாக வெட்டினேன்.
எனக்கு மிகவும் பிடித்த பகுதி.
பன்னிரண்டு.
நகைச்சுவை என்று நினைத்து வைத்த ஒன்றையும் வெட்டினேன்.
அவன் ரியூஷனுக்கு எழும்பிப் போய்விட்டான்.
மிச்சத்தைக் கதிரைக்குச் சொன்னேன்.

சனி காலை
சல்வாருக்கு அயன் போடும்போது மெயில்.
வேறொரு கொம்பனி.
விண்ணப்பத்தில் பெயரைத் தமிழில் நிரப்பியிருந்தேன்.
படிவம் விட்டது, நானும் விட்டேன்.
அன்புள்ள ??????,
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி,
இம்முறை
என்று போகிறது, அதற்குப் பிறகு பாடம்தான்.

திரும்ப மேலே வந்து
கேள்விக்குறிகளை எண்ணினேன்.
ஆறு.
நாலெழுத்துப் பெயர் எனக்கு.

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
ஸ்கிரீன்ஷொட் எடுத்து
ஒன்பதாவது ஸ்லைடாகப் போட்டேன்.
இதற்கு நான் வாய்திறக்கத் தேவையில்லை.
ஒரு நிமிடம் மிச்சம்.